ஈறு பொய் சொல்லாது

சஜிதா துப்பிய நுரையை முதலில் பார்த்தது ஒரு கோழி. ஓடி வந்து ஒரு கொத்துக் கொத்தியது. பிடிக்காமல் தலையை உதறிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் மாமியார் நேசபாய் பார்த்தாள். துவைக்கிற கல்லின் ஓரத்தில், வெள்ளை நுரைக்குள் சிவப்பு நூல் நூலாகக் கிடந்தது.

“ஏட்டி, இது என்னது, ரெத்தமா?”

“ஈறுலேருந்து வருது மாமி. கொஞ்ச நாளாட்டு இருக்கு.”

“எப்பம் தொடங்கிச்சு? விபின் போன பெறவா?”

அதற்கு முன்பே உண்டு. கணவன் விபின் மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்து நின்ற நாட்களில்கூட, காலையில் தலையணை உறையில் சின்னச் சின்னக் கறை இருக்கும். அவன் கண் விழிக்கும் முன் தலையணையைத் திருப்பிப் போட்டுவிடுவாள். இதையெல்லாம் மாமியாரிடம் எப்படிச் சொல்வது? வெட்கப்பட்டுக்கொண்டு, “ஓ, அதுக்குப் பெறவுதான்” என்று சொல்லிவைத்தாள்.

நேசபாய் கையிலிருந்த கஞ்சிப் பானையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வந்து மருமகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“வாயத் தொற. இன்னும் தொற.”

மேல் வரிசை ஈறு செந்துளுவன் வாழைப்பழத்தோல் நிறத்தில் புடைத்து, பல்லைப் பாதி மூடிக்கொண்டு நின்றது. நேசபாய் விரல் வைத்துப் பார்த்தாள். விரலில் ரத்தம் ஒட்டியது. அவள் முகம் மாறியது. குரலைத் தணித்துக் கேட்டாள்.

“குளி தெத்தியிருக்கா?”

மாதவிலக்கு தள்ளிப் போயிருக்கிறதா என்றுதான் கேள்வி. தள்ளித்தான் போயிருந்தது. ஆனால் சஜிதாவுக்கு அது என்றைக்கு ஒழுங்காக வந்தது? பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே ஓணத்துக்கு வந்தால் பிறகு கிறிஸ்மஸுக்கு வரும். தாடையில் அங்கங்கே தடித்த முடி முளைக்கும். கல்யாணத்துக்கு முன் அவள் அம்மா ஒரு டாக்டரிடம் கொண்டு காட்டினாள். சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, ஹார்மோன் சரியில்லை, மருந்து தொடர்ந்து தின்ன வேண்டும் என்றார்கள். வரும் வழியில் அம்மா பஸ்ஸில் காதோடு காதாக, “கல்யாணம் கழிஞ்சா எல்லாம் சரியாவும். அந்த வீட்டுல யாருக்கிட்டயும் பறஞ்சிராத” என்றாள். கல்யாணம் முடிந்து வருடங்கள் போயின. ஒன்றும் சரியாகவில்லை. சஜிதா யாரிடமும் சொல்லவுமில்லை.

“ஓ மாமி, தெத்தியிருக்கு. ஆனா எனக்கு எப்பளும்…”

‘ஆனா’வுக்குப் பிறகு வந்தது எதுவும் நேசபாயின் காதில் ஏறவில்லை. “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!” என்றாள். தோட்டத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “இஞ்சேருங்க! ஓடி வாருங்க!”

மாமனார் சத்தியநேசன் ரப்பர் பால் வாளியோடு வந்தார். நெற்றியில் கட்டிய லைட்டை அணைக்க மறந்திருந்தார்.

“எனக்கு விபின் வயித்துல கெடந்தப்பம் ஈறு வீங்கி ரெத்தம் வந்துச்சே, நினைப்பிருக்கா?”

“ஓ.”

“அதாக்கும்.”

அவர் மருமகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். “பால் உறஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு, தட்டில் ஊற்றப் போனார். அவருக்கு மகிழ்ச்சி என்றாலும் மரணம் என்றாலும் அந்த ஒரு நடைதான்.

நேசபாய்க்கு அது வெறும் நினைப்பு இல்லை. அவளுக்கும் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்தது. ஊரே பேசி ஓய்ந்த நேரத்தில் ஈறு வீங்கி ரத்தம் வந்தது. காய்ச்சலுக்குப் பார்க்கப் போன இடத்தில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். அப்போது கிழக்கே கொட்டாரம் ஊரில் கட்டிக்கொடுத்திருந்த அவளுடைய அக்கா வந்து வாயைத் திறந்து பார்த்தாள். “டாக்டர் கெடக்கான், ஒனக்கு உண்டாயிருக்கு” என்றாள். அக்கா சொன்னதுதான் நடந்தது. பிறந்தவன்தான் விபின். இந்தக் கதையைச் சிதறால் மலையின் அடிவாரத்தில் கேட்காத வீடு இல்லை.

சஜிதா அன்றைக்கும் அண்டியாபீசுக்குப் போனாள். முந்திரிக்கொட்டை ஃபாக்டரிக்கு அங்கே அதுதான் பெயர். வறுத்து உடைத்த பருப்பின் தோலைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுப்பது அவள் வேலை. பருப்பு முறியக் கூடாது. முறிந்தால் மேற்பார்வைக்காரியின் வாய் சும்மா இராது. பக்கத்துப் பலகையில் இருக்கும் ஜெனிலாதான் மெடிக்கலில் போய்க் கர்ப்பப் பரிசோதனைக் கோல் வாங்கிக் கொடுத்தாள். சஜிதாவுக்குக் கடையில் அதன் பெயரைச் சொல்லிக் கேட்கும் தைரியம் இல்லை.

மறுநாள் குளியலறையில் வைத்துப் பார்த்தாள். ஒரு கோடு விழுந்தது. இன்னொரு கோட்டுக்காகக் காத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இருப்பதுபோலத் தோன்றியது, பிறகு இல்லை. கோலை வாழைச் சருகில் பொதிந்து, தீ போடக் கூட்டி வைத்த குப்பைக்குள் தள்ளினாள். சொல்லிவிடலாம் என்று அடுக்களைக்கு வந்தாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மஸ்கட்டில் வேலை இல்லாத நாள். அடுக்களையில் நேசபாய் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இந்தா வந்துட்டா. பாரு, பாரு.”

போனுக்குள் விபின் நனைந்த கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த கூட்டாளிகள் கத்தினார்கள். ஒருவன் பாத்திரத்தைத் தட்டினான்.

“சஜீ, இனி நீ அண்டியாபீசுக்குப் போவாண்டாம் கேட்டியா? அந்தப் பொகையும் தூசியும் பிள்ளைக்கு ஆவாது.”

அவன் ‘பிள்ள’ என்று சொல்லிவிட்டான். அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சஜிதா வாயைத் திறந்தாள்.

“அவளுக்குப் பேச்சு வரல்ல பாரு” என்று நேசபாய் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபோது சபைக்கே தெரிந்திருந்தது. மழைக்காலம் வேறு. வேலையில்லாமல் வீட்டில் இருந்த பெண்கள் குடையோடு வந்தார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. அரியுண்டை வந்தது. முந்திரிக்கொத்து வந்தது. பக்கத்துத் தோட்டத்து முத்துநாயகத்தின் வீட்டிலிருந்து ஒரு குலை பழம் வந்தது. நேசபாய் தன் பங்குக்கு ஏத்தம்பழத்தைக் கருப்பட்டிப் பாகில் புழுங்கி, தேங்காய் துருவிப் போட்டுக் காலையும் மாலையும் கொடுத்தாள். ஒவ்வொரு வாயும் ஈறின் இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது. தேய்த்தால் வலி உச்சந்தலைக்கு ஏறியது. அதனால் சஜிதா அந்தப் பக்கம் தேய்ப்பதை விட்டாள்.

ஜெனிலா வேலை முடிந்து, மேலெல்லாம் பருப்புத் தோல் ஒட்டிக் கிடக்க, ஒரு சாயங்காலம் வந்தாள்.

“ஏட்டி, ஒனக்க மாமி ரோட்டுல நிண்ணு செல்லியதக் கேட்டா, உள்ள ரெட்டப் பிள்ள கெடக்கும் போலயிருக்கு.”

“நீ வெறுதே இரி.”

“நீ எப்பம் மாமிகிட்ட உள்ளதச் செல்லப் போற?”

“செல்லத்தான் போறேன். வாயத் தொறந்தா அதுக்குள்ள எதையாவது வெச்சுத் தந்துருதாவ.”

ஜெனிலா சிரித்தாள். பிறகு சஜிதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “கன்னம் என்னத்துக்கு ஒரு பக்கம் வீங்கியிருக்கு? வாயும் ஒருமாதிரி மணக்குது பிள்ள. கோவிச்சுக்காத.”

சஜிதா கையால் வாயை மூடிக்கொண்டாள்.

வேலைக்குப் போகாத பகல் மிக நீளமாக இருந்தது. மழை விட்ட காலைகளில் மாமனாருக்குத் தோட்டத்துக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டு போவாள். அவர் ஒவ்வொரு மரத்தின் முன்னும் குனிந்து, முந்திய நாள் வெட்டின இடத்தின் மேலேயே கத்தியை லேசாக ஓட்டுவார். உலர்ந்த பட்டை சுருளாக விழும். பிறகு மெல்ல வெள்ளை கசிந்து சிரட்டைக்கு வழியும்.

“எதுக்கு மாமா வெட்டுன இடத்துலயே வெட்டுதிய?”

“ஆறிப்போச்சுண்ணா பால் வராது மக்களே. ஆற விடப்பிடாது.”

இவரிடம் சொன்னால் என்ன என்று தோன்றியது. “மாமா, உங்ககிட்ட ஒரு காரியம் செல்லணும்.”

அவர் கத்தியை நிறுத்தினார். பயந்த மாதிரி இருந்தது. “மாமிகிட்ட செல்லு மக்களே” என்றார். அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

ஆனாலும் அவர்தான் கடைசியில் பேசினார். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்த சஜிதாவின் கன்னம் கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது. ஈறிலிருந்து சீழ் வந்தது. நேசபாய் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கக் கொடுத்து, “வயித்துப்பிள்ளக்காரிக்கு இது உள்ளதுதான்” என்றாள்.

“மொகம் வீங்கியிருக்கு. டாக்டர்கிட்ட கொண்டு போ” என்றார் சத்தியநேசன். அவர் சொல்வது அபூர்வம் என்பதால் அந்த வீட்டில் அது நடந்துவிடும்.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு மாடியில் இருந்தது பல் ஆஸ்பத்திரி. டாக்டர் ஷிபா சின்ன வயது. நேசபாய் அவளை மேலும் கீழும் பார்த்து, “எந்த சபை மக்களே?” என்று விசாரித்துத் திருப்தியான பிறகுதான் மருமகளை நாற்காலியில் ஏற்றிச் சாய்த்தாள்.

டாக்டர் வாய்க்குள் பஞ்சு வைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டினாள். சின்னக் கொக்கிக் கம்பியால் ஈறின் இடுக்கைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட இடமெல்லாம் ரத்தம் வந்தது. டாக்டரின் முகமூடிக்கு மேலே புருவம் சுருங்கியது.

“இவ்வளவு எப்படி விட்டீங்க? பல்லு ரெண்டு ஆடுது. சுகர் உண்டா? தைராய்டு? பீரியட்ஸ் மாசா மாசம் சரியா வருமா?”

வாய் நிறையப் பஞ்சோடு சஜிதா தலையை ஆட்டப் பார்த்தாள்.

“அவளுக்கு இப்பம் விசேஷமாக்கும்” என்றாள் நேசபாய்.

“அப்படியா? ஸ்கேன் எடுத்தாச்சா?”

“அதெல்லாம் மூணு மாசம் கழியட்டும். ஈறுதான் காட்டிச்சே.”

“ஈறா?”

“எனக்கும் இப்பிடித்தான். டாக்டர் இல்லேண்ணு பறஞ்சான். ஈறு உண்டுண்ணு பறஞ்சுது.”

டாக்டர் சிரித்துவிட்டாள். பிறகு யோசித்தாள். “கர்ப்பத்துல ஈறு வீங்குறது உள்ளதுதான். ஆனா வீங்குற ஈறெல்லாம் கர்ப்பம் ஆகாதும்மா. சரி, அப்படீன்னா எக்ஸ்ரே இப்ப வேண்டாம். நான் எழுத நினச்ச மாத்திரையும் தர முடியாது. கிளறிச் சுத்தம் பண்றதையும் தள்ளி வைப்போம். இப்ப மேலோட்டமா பண்ணி விடுறேன்.”

சஜிதாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குழாய் அதை எச்சிலோடு சேர்த்து உறிஞ்சிக்கொண்டது.

“வலிக்குதா?”

“வலியே பொறுக்க மாட்டா. இவ எப்பிடித்தான் பெறப் போறாளோ” என்று நேசபாய் மருமகளின் காலைத் தடவிக் கொடுத்தாள்.

அப்போது போன் அடித்தது. விபின். நேசபாய் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே போனாள். கதவு சாத்தியதும் சஜிதா டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள். டாக்டர் பஞ்சையும் குழாயையும் எடுத்தாள்.

“இல்ல டாக்டர். எனக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. கோலு வெச்சுப் பாத்தேன். நீர்க்கட்டி. சின்னப்பத்துலேயே உண்டு. இஞ்ச யாருக்கும் தெரியாது.”

ரத்தமும் சொற்களும் சேர்ந்து தாடையில் வழிந்தன. டாக்டர் துடைத்துவிட்டாள். முகமூடியை இறக்கிவிட்டுப் பேசினாள்.

“மருந்து தின்னீங்களா அதுக்கு?”

“கல்யாணத்தோட விட்டாச்சு.”

“பாருங்க, உடம்புல ஹார்மோன் தாறுமாறா இருந்தா ஈறு சீக்கிரம் வீங்கும். ஒரு சின்ன அழுக்குக்குக்கூட ரத்தம் வரும். நீர்க்கட்டி உள்ளவங்களுக்குச் சர்க்கரையும் ஏறப் பாக்கும். அது ஈற இன்னும் கெடுக்கும். ஈறுல இப்படிச் சீழ் கெட்டிக் கெடந்தா அந்தப் புண்ணு வாயோட நிக்காது, உடம்பு முழுக்கத் தொந்தரவு. அது நீர்க்கட்டியையும் கூட்டலாம்னு சொல்றாங்க. எது முதல்ல தொடங்கிச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஒண்ணுக்கொண்ணு கை கொடுத்துக்கிட்டு நிக்குது. ரெண்டையும் சேத்துப் பாக்கணும். ரத்தம் டெஸ்ட் பண்ணணும், லேடி டாக்டரைப் பாக்கணும்.”

“பாத்தா பிள்ள உண்டாவுமா?”

“நிறையப் பேருக்கு ஆகியிருக்கு. ஆனா முதல்ல வீட்டுல சொல்லணும். இல்லன்னா அடுத்த தடவையும் நான் மேலோட்டமாத்தான் பாக்க முடியும். கூட வர்றவங்க கர்ப்பம்னு சொல்லச் சொல்ல, நான் எப்படி எக்ஸ்ரே எடுப்பேன்?” கொஞ்சம் நிறுத்தி, “நான் சொல்லட்டா அவங்ககிட்ட?” என்றாள்.

சஜிதா கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். நேசபாய் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுகையால் காற்றில் ஏதோ அளவு காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் நீளமாக இருக்கும்.

“வேண்டாம் டாக்டர். நானே செல்லுதேன்.”

ஈறு கழுவ ஒரு மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பழைய முரட்டுப் பிரஷ்ஷைத் தூரப் போட்டுவிட்டு மெத்தென்ற பிரஷ் வாங்கச் சொன்னார்கள். நேசபாய் கடையில் பொறுக்கி எடுத்தது, பிடியில் மஞ்சள் வாத்து ஒட்டிய, சின்னப் பிள்ளைகளுக்கான பிரஷ். “அடுத்த வருசம் இதே மாதிரி ஒண்ணு கூடி வேணும்” என்று கடைக்காரனிடம் சொன்னாள்.

பஸ்ஸில் மழைக்கு ஜன்னல் தட்டிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து நேசபாய் சாளை மீனைச் சாம்பல் தொட்டுச் செதிள் எடுக்க உட்கார்ந்தாள். பூனை வந்து உரசியது. சஜிதா நின்றுகொண்டே சொன்னாள். தள்ளி வைத்தால் இனி என்றைக்கும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“மாமி, எனக்கு வயித்துல பிள்ள இல்ல.”

நேசபாயின் கை நிற்கவில்லை. “ஆரு பறஞ்சா? அந்தப் பல்லு டாக்டரா?”

“நானே கோலு வெச்சுப் பாத்தேன். ஒரு கோடுதான் விழுந்துச்சு.”

“எப்பம்?”

“நீங்க ரெத்தம் பாத்ததுக்கு மறுநாளு.”

“அது வேளைக்கு முன்னால பாத்திருப்ப. கடையில விக்கிய கோலு எத்தனையோ பொய் பறயும். ஈறு பொய் பறயாது மக்களே.”

“எனக்கு நீர்க்கட்டி இருக்கு மாமி. கல்யாணத்துக்கு முந்தியே உண்டு. அதுதான் குளி தெத்திட்டே இருக்கு. ஈறு வீங்குனதும் அதோட சேந்ததுதான். டாக்டர் பறஞ்சாவ.”

இப்போது கை நின்றது. நேசபாய் நிமிர்ந்து பார்த்தாள். முன்னமே தெரிந்திருந்தும் மறைத்தார்களா என்று கத்துவாள், அம்மா வீட்டை இழுத்து நாலு வார்த்தை சொல்வாள் என்று சஜிதா எதிர்பார்த்தாள். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேசபாயின் கண்ணில் பயம்தான் தெரிந்தது. சாம்பல் ஒட்டிய கையால் எட்டி, மருமகளின் பாவாடை ஓரத்தைப் பிடித்தாள்.

“இனி அப்பிடிப் பறயாத. ஒனக்கக் காலப் பிடிக்கேன். இல்லேண்ணு வாயால பறஞ்சா உள்ளதும் இல்லாம ஆயிரும். எனக்க மூத்தது அப்பிடித்தான் போச்சு. நான் இல்லேண்ணு பறஞ்சேன். நீ பறயாத மக்களே.”

விபினுக்கு மூத்ததாக ஒன்று இருந்தது சஜிதாவுக்கு இதுவரை தெரியாது. ஊருக்கெல்லாம் சொன்ன கதையில் அது இல்லை. இனி மாத உதிரம் வந்தால், பிள்ளை சஜிதாவின் நாக்கால் போனதாக ஆகும். வராவிட்டால் பிள்ளை இருப்பதாக ஆகும். நடுவில் நிற்க இடமில்லை. பூனை ஒரு சாளையைக் கவ்விக்கொண்டு ஓடியது. இரண்டு பேருமே விரட்டவில்லை.

மருந்துத் தண்ணீர் வேலை செய்தது. கன்னம் வற்றியது. மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க ஈறு பல்லை விட்டு மெல்ல மேலேறியது. தினமும் காலையில் நேசபாய் துவைக்கிற கல்லின் பக்கம் வந்து நிற்பாள். சஜிதா துப்பும் வரை காத்திருப்பாள். குனிந்து பார்ப்பாள். நுரையில் சிவப்பு இருந்தால், “கட்டஞ்சாயா குடியாத, பால் காய்ச்சியிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு காலையில் நுரை வெறும் வெள்ளையாக இருந்தது.

நேசபாய் குனிந்தவள் நிமிரவில்லை. தண்ணீரைக் கோரி ஊற்றி, கல்லைக் கழுவி, மறுபடியும் பார்த்தாள். “இன்னொரு தடவ துப்பு” என்றாள். சஜிதா துப்பினாள். வெள்ளைதான். நேசபாய் உள்ளே போனாள். அன்றைக்கு அவள் அடுப்பு பற்றவைக்கவில்லை. ரப்பர் ஷீட் உலர்த்தும் கயிற்றின் கீழே, ஈர ஷீட்டுகள் தலையில் சொட்ட, உட்கார்ந்தே இருந்தாள். சத்தியநேசன் வந்து பார்த்து, தானே கஞ்சி வைத்தார். இரவு ஜெபத்தில் நேசபாய் வழக்கமாக உரக்கச் சொல்லும் பகுதி வந்தபோது, உதடு மட்டும் அசைந்தது.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, விபின் கூப்பிடுவான் என்ற நினைப்பு சஜிதாவுக்கு வந்தது. நேசபாய் அவனிடம் என்ன சொல்வாள்? பரண்மேல் கிடந்த பழைய கூடையில் தேடினாள். தூரப் போடச் சொன்ன பிரஷ் அதில் கிடந்தது. நார் விரிந்து, துடைப்பம் மாதிரி.

விடிந்து துவைக்கிற கல்லுக்குப் போனபோது மாமனார் தோட்டத்தில் இருந்தார். மரத்துக்கு மரம் கத்தி உரசும் சத்தம் கேட்டது. சஜிதா பழைய பிரஷ்ஷை மேல் வரிசையில் வைத்தாள். ஆறிவந்த இடத்தை நாக்கால் தேடிப் பார்த்துக்கொண்டாள். அழுத்தித் தேய்த்தாள். கண்ணில் நீர் வந்தது. இன்னும் அழுத்தினாள்.

நேசபாய் வந்து நின்றது நிழலில் தெரிந்தது. சஜிதா துப்பினாள்.

“ஸ்தோத்திரம்!” நேசபாயின் குரல் உடைந்தது. “வந்துட்டு மக்களே, வந்துட்டு! நான் ராத்திரி முழுக்க உறங்கல்ல கேட்டியா? இந்தா, அவனுக்குப் போன் போடுதேன்.”

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்துத் தட்டினாள். அந்த நேரத்தில்தான் சஜிதாவுக்கு அடிவயிற்றில் அந்தப் பழைய இழுப்பு தொடங்கியது. முதுகில் ஏறி, தொடைகளுக்கு இறங்கியது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தெரிந்த வலி. இவ்வளவு மாதம் வராமல் இருந்தது, இன்றைக்கு வருகிறது. அவள் இரண்டு கால்களையும் சேர்த்துக்கொண்டு கல்லைப் பிடித்தாள். நகர முடியவில்லை.

“சஜீ! எப்பிடி இருக்க? எனக்க பிள்ள எப்பிடி இருக்கு?” போனுக்குள்ளிருந்து விபின் கூப்பிட்டான்.

“இஞ்சப் பாரு மக்களே, அவன் பாக்கியான். ஒண்ணு சிரி” என்று நேசபாய் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சஜிதா வாயைத் திறக்காமல் சிரித்தாள்.